வீட்டு வண்டிக்கு வந்த மின்சாரம்

பாலைவனங்களை ஒட்டக நிரைகளோடு கடந்து சென்ற வணிகர் கூட்டத்தைப் பாரசீக மொழி ‘கார்வான்’ என்றது. அச்சொல் ஐரோப்பாவுக்குச் சென்று, காலப்போக்கிற் பொருள் மாறி, ஆங்கிலத்திலே சில்லுகளின் மேல் ஏற்றிய வீட்டைக் குறிக்கும் ‘கரவன்’ ஆயிற்று. முதலில் ஊர் ஊராய்த் திரிந்த ஜிப்சி மக்களும், வேடிக்கைக் காட்சி நடத்துவோருமே இத்தகைய வண்டிகளிற் குடியிருந்தனர். வசதி படைத்தோர் இன்பப் பயணத்துக்கென்று இதனை மேற்கொண்ட வரலாறு 1885ஆம் ஆண்டில் தொடங்குகிறது எனலாம். பிரித்தானியக் கடற்படையில் மருத்துவராயிருந்து இளைப்பாறியவரும், சிறுவர் கதைகள் எழுதிப் பெயர்பெற்றவருமான வில்லியம் கோர்டன் ஸ்ரேபிள்ஸ் என்பவர், பிறிஸ்ரல் நகரிற் செய்வித்த ‘வாண்டரர்’ என்னும் வண்டியிலே, இரு குதிரைகள் இழுக்க, தென் இங்கிலாந்திலிருந்து ஸ்கொத்துலாந்தின் வடக்கேயுள்ள இன்வெர்னெஸ் வரை அவ்வாண்டிற் சென்றார். ஏறக்குறைய 2 தொன் நிறையுள்ள அவ்வண்டியில் ஒரு கனவானின் இல்லத்துக்கு வேண்டிய பெரும்பாலான பொருள்கள் இருந்தன. மின்சாரம் மட்டும் இருக்கவில்லை.

வீட்டு வண்டிக்கு மின்சாரம் வந்த கதை நீண்டது. வீட்டில் இருந்த மின்சாரம் வண்டிக்கு ஏறியபொழுது அதனோடு கூட வராது பின்தங்கிவிட்ட பொருளொன்று உண்டு. அதுவே நாம் காலூன்றி நிற்கும் பூமி. வண்டி பூமியின் மேலேதானே நிற்கிறது, பூமி எவ்வாறு பின்தங்கும் என்று நேயர்கள் வினவலாம். அதனை விளங்கிக்கொள்வதற்கு மின்சாரம் வீடுகளுக்கு வந்த காலத்தை முதலில் நோக்குதல் வேண்டும்.

1881ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், இங்கிலாந்தின் கொடால்மிங் என்னும் சிறு பட்டினத்திலே, வெய் ஆற்றின் நீர்ச்சில்லொன்றைக் கொண்டு மின்சாரம் பிறப்பித்துத் தெருக்களுக்கும் சில மனைகளுக்கும் வழங்கினர். தெருவைத் தோண்டுவதற்குச் சட்டம் இடங்கொடாமையால் கம்பிகளைத் தெருவோர வாய்க்காலிலேயே கிடத்தினர். இன்று கேட்போர்க்கு இது நகைப்பையும் நடுக்கத்தையும் ஒருங்கே தருவதாகும். அடுத்த ஆண்டிலே இலண்டனிலிருந்த தந்திப் பொறியியலாளர், மின்னியலாளர் சங்கம் மின்கம்பி பொருத்துவதற்கான விதிகள் சிலவற்றை முதன்முதலாக வெளியிட்டது. பிரித்தானியாவில் இன்று கைக்கொள்ளப்படுவதும், இலங்கையின் மின்பொருத்துநர்க்கும் வழிகாட்டியாய் விளங்குவதுமான பெரு விதிநூலுக்கு அச்சிறு வெளியீடே மூதாதை. ஆனால் அதன் தலைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. மின்விளக்கினால் விளையக்கூடிய தீ விபத்தைத் தடுப்பதற்கான விதிகள் என்பதே அத்தலைப்பு. கட்டடம் எரிந்துவிடுமோ என்ற அச்சமே அன்று மேலோங்கி நின்றது. கம்பியைத் தொட்டவன் கதி என்னவாகும் என்ற கவலை அத்துணை உருப்பெறவில்லை.

அக்கவலையை ஊட்டியவை சில சாவுகளே. 1889ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆந் தேதி, நியூயோர்க் நகரில், ஜோன் ஃபீக்ஸ் என்னும் தந்திக் கம்பியாள் கம்பத்தின் மேலேறி, பயனற்ற கம்பிகளை அறுத்துக்கொண்டிருந்தார். அவர் கைபட்டது தீங்கற்ற தந்திக் கம்பிதான். ஆயினும் எங்கோ தொலைவில் அது உயர் அழுத்த மின்கம்பியொன்றோடு உரசிக்கொண்டிருந்தது. நண்பகல் வேளையிலே, தெருவிற் கூடிய பெருங்கூட்டத்தின் கண்ணெதிரே, அவர் உடல் கம்பிகளின் நடுவிற் சிக்கித் தொங்கியது. அந்நகரின் மேற்கம்பிகள் நிலத்தின் கீழே செல்லத் தொடங்கியதை இந்நிகழ்ச்சி விரைவுபடுத்திற்று.

ஃபீக்ஸின் சாவு உணர்த்திய ஆபத்து வீடுகளுக்கும் பொதுவானது. தெருவிலுள்ள மின்மாற்றியின் உட்புறம் பழுதுபட்டால், ஆயிரக்கணக்கான வோல்ற்று அழுத்தம் வீட்டு விளக்குக் கம்பியிற் பாய்ந்துவிடும். இதற்குக் கண்ட பரிகாரம் வீட்டுக்கு வரும் இரு கம்பிகளுள் ஒன்றை மண்ணோடு பிணைத்தல். மண் மின்சாரத்தைக் கடத்தும் என்பது புதிய செய்தியன்று. 1838இலேயே ஜெர்மனியில் ஸ்ரைன்ஹைல் என்னும் அறிஞர், இருப்புப்பாதைத் தண்டவாளங்களைத் தந்திக் கம்பியாகப் பயன்படுத்த முயன்று, அம்முயற்சி கைகூடாதவிடத்து, தந்திக்கு ஒரு கம்பியே போதும், மீளும் வழியை மண்ணே தரும் எனக் கண்டிருந்தார். எனினும் வீட்டுக் கம்பியை வேண்டுமென்றே மண்ணோடு பிணைப்பதா என்று அமெரிக்காவின் தீக்காப்புறுதி நிறுவனத்தார் முதலில் எதிர்த்தனர். பல்லாண்டு வாதத்தின் பின்னர், 1913இலேதான் அந்நாட்டு மின் விதிக்கோவை, 150 வோல்ற்றுக்கு மேற்படாத வீட்டு வழங்கலை மண்ணோடு பிணைத்தேயாக வேண்டும் என்று விதித்தது.

இவ்வாறு பிணைக்கப்பட்ட கம்பி நொதுமற்கம்பி எனவும், மற்றையது உயிர்க்கம்பி எனவும் பெயர்பெற்றன. பின்னர் மூன்றாவதாகப் புவிக்கம்பி வந்து சேர்ந்தது. உபகரணங்களின் உலோக உடலை அது மண்ணோடு இணைத்தது. மூன்று கால்களுள்ள செருகியில் மேற்புறத்தே தனித்து நிற்கும் பெரிய கால் புவிக்கம்பிக்கு உரியது. இலங்கையில் நெடுங்காலம் வழங்கிய உருண்டைக்காற் செருகியிலும், பிரித்தானியா 1947இல் ஏற்றுக்கொண்ட சதுரக்காற் செருகியிலும் இவ்வமைப்பு ஒன்றே.

பூமியைப் பற்றி மக்களிடையே ஊன்றியிருக்கும் ஒரு மயக்கத்தை இங்கே நீக்குதல் வேண்டும். மின்சாரம் மண்ணுக்குட் போய் மறைந்துவிட விரும்புகிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். மின்சாரத்துக்கு மண்ணின்மேல் அத்தகைய பற்று எதுவுமில்லை. தான் புறப்பட்ட இடத்துக்கு மீளுவதொன்றே அதன் இயல்பு. வீட்டு மின்சாரம் மண்ணை நோக்கிப் பாய்வதற்குக் காரணம், அதனை அனுப்பிய மின்மாற்றியின் ஒரு முனை மண்ணோடு பிணைக்கப்பட்டிருத்தலே. அப்பிணைப்பு இருப்பதனாலே மண் ஒரு மீள்வழி ஆகிறது. உயிர்க்கம்பியைத் தொட்டவனுடைய உடலூடாக மின்னோட்டம் செல்வதும் அப்பிணைப்பினாலேயே. பழுதுபட்ட உபகரணத்தின் உருகி உடனே எரிந்து அவனைக் காப்பதும் அப்பிணைப்பினாலேயே. ஆபத்தும் காவலும் ஒரே மூலத்திற் பிறக்கின்றன.

இனி வண்டிக்குத் திரும்பலாம். 1907இல் இங்கிலாந்திலே கரவன் கழகம் நிறுவப்பட்டது. குதிரை போய் மோட்டார் வந்தபின், 1919இல் எக்கிள்ஸ் என்னும் பேர்மிங்ஹாம் தொழிலகம் காரினால் இழுத்துச் செல்லப்படும் கரவன்களைச் செய்யத் தொடங்கிற்று. அமெரிக்காவில் 1936இல் வெளிவந்த ‘எயர்ஸ்ட்ரீம் கிளிப்பர்’ என்னும் அலுமினிய வண்டியில் மின்விளக்குகளும் இருந்தன. ஆயினும் அக்காலத்துக் கரவன்கள் பலவற்றில் விளக்கு எரித்தது எரிவாயு. மின்சாரம் இருந்தவிடத்தும் அது பெரும்பாலும் காரின் மின்கலவடுக்கிலிருந்து பெற்ற 6 அல்லது 12 வோல்ற்று அழுத்தமே. அது மனிதனைத் தாக்கிக் கொல்ல மாட்டாதது.

மின்கம்பி எட்டாத இடத்துக்கு மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் முயற்சியும் வேறொரு பக்கத்தில் நடந்துகொண்டிருந்தது. காருக்கு மின்தொடக்கி கண்ட சார்ள்ஸ் கெற்றரிங் என்பார், ஒகையோ மாநிலத்தின் டேற்றன் நகரில், 1916ஆம் ஆண்டு ‘டெல்கோ லைற்று’ என்னும் சிறு மின்பொறியை விற்பனைக்கு விடுத்தார். அமெரிக்கக் கமக்காரர் பல்லாயிரவர் மின்விளக்கின் ஒளியை முதலிற் கண்டது அதனாலேதான். அதன் அழுத்தம் 32 வோல்ற்று. அது கொட்டிலில் நிலையாய் அமர்ந்த பொறி. கையிலே தூக்கிச் செல்லத்தக்கதன்று. 1965ஆம் ஆண்டளவில் யப்பானிய ஹொண்டா நிறுவனம் ஏறக்குறைய 300 உவாற்று வலுவுள்ள பெற்றோல் மின்பிறப்பாக்கியொன்றைப் பெட்டி வடிவிலே கைபிடியோடு வெளியிட்டது. ஒருவர் தூக்கிக் காரின் பின்புறத்தில் வைக்கலாம். அது தந்தது பன்னிரண்டு வோல்ற்றன்று. வீட்டிலுள்ள அதே முழு அழுத்தம். வீட்டு மின்சாரம் அவ்வாறு வண்டிக்கு ஏறியது. மெல்ல மெல்லக் குளிர்ப்பெட்டியும், நீர் சூடாக்கியும், மின்கலம் மின்னேற்றியும் அதனைத் தொடர்ந்தன.

இதே காலத்தில் வேறோரிடத்தே மனிதனைக் காக்கும் ஒரு கருவி உருவாகிக்கொண்டிருந்தது. அதன் வரலாறு மின்னியலின் மிகச் சிறந்த அதிகாரங்களுள் ஒன்று. உருகியும் சுற்றுடைப்பானும் கம்பியைக் காப்பதற்கே செய்யப்பட்டவை. 16 அம்பியர் சுற்றுடைப்பான் 16 அம்பியரைத் தாண்டினாலன்றி அசையாது. மனித உடலோ அதன் ஆயிரத்திலொரு பங்கையே பொறுக்கமாட்டாது. அந்தப் பொறுதியின் எல்லை எது? கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்திற் பேராசிரியராயிருந்த சார்ள்ஸ் டல்சியல், 1940களில், இதனை மனிதரிடத்தே அளந்தறிந்தார். மனமுவந்து முன்வந்தோர் கையிற் செப்புக் கம்பியைப் பற்றிக்கொள்ள, மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். ஓரெல்லையிலே தசைகள் தாமே இறுகிக்கொள்ளும். கம்பியை விட்டுவிட மனம் விழைந்தாலும் கை விடாது. அவ்வெல்லை ஆடவர்க்குச் சராசரி 16 மில்லியம்பியர், பெண்டிர்க்கு 10.5 மில்லியம்பியர் என்று கண்டார். 60 உவாற்றுக் குமிழ் விளக்கு 230 வோல்ற்றில் எடுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய 260 மில்லியம்பியர் என்பதை ஒப்புநோக்கின் அவ்வெண்களின் சிறுமை புலப்படும். ஒஸ்திரியாவிற் கொற்பிரீற் பீகல்மையர் என்னும் அறிஞரோ பிறரை நாடாமல் தம் உடலிலேயே மின்னோட்டம் பாய்ச்சி அளவெடுத்தார். இத்தகையோரின் துணிவைப் பாடநூல்கள் போதிய அளவு போற்றவில்லை.

எண் தெரிந்தபின் கருவி வேண்டும். தென்னாபிரிக்கப் பொற்சுரங்கங்களில் மின்விபத்துக்கள் மலிந்திருந்தன. ஜொகன்னஸ்பேர்க்கை அடுத்த அல்பேர்ட்டனில் தொழில்புரிந்த ஹென்றி ரூபின் என்னும் பொறியியலாளர் 1955இற் சுரங்கங்களுக்கென 250 மில்லியம்பியரில் இயங்கும் காவற்கருவியொன்றை அமைத்தார். அதற்கு முன்னிருந்தவை 10 அம்பியர் அளவிலேயே இயங்கின எனின் அவர் தாண்டிய தூரம் விளங்கும். அடுத்த ஆண்டிலே 20 மில்லியம்பியருக்கும் குறைந்த மின்னோட்டத்தை உணரவல்ல மற்றொன்றைச் செய்து முடித்தார். ஸ்ரில்பொன்ரைன் என்னும் பொற்சுரங்கக் குடியிருப்பில் ஒரு பெண் வீட்டு மின்சாரம் தாக்கி இறந்துபட்டாள். அதன்பின் 1957, 1958ஆம் ஆண்டுகளில் அக்குடியிருப்பின் சில நூறு வீடுகளில் ரூபினின் 20 மில்லியம்பியர்க் கருவிகள் பொருத்தப்பட்டன. தென்னாபிரிக்கா 1974இல் வீடுகளுக்கு இவ்வகைக் காவலைக் கட்டாயமாக்கிற்று. அமெரிக்காவிலே டல்சியல் தாமே 1961இல் திரான்சிஸ்டர் கொண்டு இவ்வகைக் கருவியொன்றை அமைத்தார். அந்நாட்டில் 5 மில்லியம்பியரும், பிரித்தானியா முதலிய நாடுகளில் 30 மில்லியம்பியரும் இக்கருவி சுற்றை உடைக்கும் அளவாக நிலைபெற்றன. மீதியோட்டச் சுற்றுடைப்பான் என்பது இதற்குரிய நூற்பெயர். பேச்சு வழக்கில் ‘ட்ரிப் சுவிச்’ என்றே இலங்கையர் கூறுவர்.

இதன் இயக்கம் ஒரு கணக்கப்பிள்ளையின் வேலையை ஒத்தது. உயிர்க்கம்பியிற் போன மின்னோட்டம் எவ்வளவு, நொதுமற்கம்பியில் திரும்பி வந்தது எவ்வளவு என்று ஓயாது ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். போனது முழுவதும் வந்தால் வாளாவிருக்கும். ஒரு சிறுபகுதி குறைந்தாலும், அப்பகுதி எவருடைய உடலினூடாகவோ பழுதுற்ற உபகரணத்தினூடாகவோ மண்வழியே திரும்புகிறதென்று கொண்டு, விநாடியின் ஒரு சிறு பின்னத்துக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். பிரித்தானிய விதிகளின்படி கரவன் ஒவ்வொன்றிலும் 30 மில்லியம்பியர்க் கருவியொன்று இருத்தல் வேண்டும். கரவன் தங்குமிடத்திலே நீலநிறச் செருகி கொண்டு 16 அம்பியர் வழங்கல் பெறும்பொழுது அக்கருவி தன் கடமையைச் செவ்வனே செய்கிறது.

அதே கரவனைக் கையடக்க மின்பிறப்பாக்கியோடு இணைத்தால் நிலைமை அடியோடு மாறிவிடுகிறது. சிறு மின்பிறப்பாக்கிகள் பலவற்றிற் சுருளின் இரு முனைகளுள் எதுவும் மண்ணோடோ பொறியின் உலோகச் சட்டத்தோடோ பிணைக்கப்படவில்லை. அவை மிதந்து நிற்கும் வழங்கல்கள். மீள்வழியாக மண் அங்கே அமைவதில்லை. ஆகவே ஒருவன் ஒரு கம்பியைத் தொட்டாலும் மின்னோட்டம் அவனூடு பாய வழியில்லை. இது தவறான அமைப்பன்று. குளியலறையில் முகச்சவரப் பொறிக்கென வைக்கும் குதையும் இத்தத்துவத்தையே கைக்கொள்கிறது. ஒரு பொறி, ஒரு விளக்கு அல்லது ஒரு துளைகருவி என்ற அளவில் இது நல்ல காவலே. அமெரிக்கக் கட்டடத் தொழிலிடங்களுக்கான பாதுகாப்பு விதியும், 5 கிலோஉவாற்றுக்கு மேற்படாத, இரு கம்பி மட்டுமுள்ள, சட்டத்தோடு பிணையாத சிறு மின்பிறப்பாக்கிகளுக்கு மீதியோட்டக் காவல் வேண்டியதில்லையென விலக்களித்தது.

கரவன் ஒரு விளக்கன்று. அது ஒரு வீடு. பல உபகரணங்கள் அதனுள் உள்ளன; அவற்றின் உலோக உடல்களும் வண்டியின் சட்டமும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டுள்ளன. நீர் சூடாக்கியின் உயிர்க்கம்பி தேய்ந்து அதன் உடலைத் தொடுகின்றது என்க. மீள்வழி இல்லாமையால் உருகி எரியாது, ட்ரிப் சுவிச் அசையாது, எவரும் அறியார். முதற்பழுது ஓசையின்றி வந்து ஒளிந்துகொள்கிறது. வண்டியின் உலோகம் முழுவதும் உயிர்க்கம்பியின் நிலைக்கு வந்துவிட்டது. சில கிழமைகளின் பின், வெளிக்கூடாரத்தில் வைத்த ஒரு சமையற் கருவியில் நொதுமற்கம்பி தேய்ந்து உடலைத் தொடுகிறது. அதன் பழைய வடத்துக்குள்ளே புவிக்கம்பி முன்னரே முறிந்திருக்கிறது. ஒரு கையாற் கருவியையும் மறு கையாற் கரவன் கதவையும் பற்றியவனுடைய மார்பினூடாக முழு அழுத்தமும் மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. ட்ரிப் சுவிச்சின் கணக்கிலோ பிழையொன்றும் இல்லை. போன மின்னோட்டம் முழுவதும் அவனுடலைக் கடந்து நொதுமற்கம்பி வழியே திரும்பிவிட்டது. அவ்வுடலுக்கும் ஒரு விளக்குக்கும் உள்ள வேற்றுமையை அறிய அக்கருவிக்கு வகையில்லை.

சுற்றுடைப்பானேனும் காக்காதோ எனின், அதுவும் ஐயத்துக்குரியது. 1 கிலோஉவாற்று மின்பிறப்பாக்கி 230 வோல்ற்றில் தரவல்லது 4 அம்பியருக்குச் சற்று மேல். கம்பிகள் நேரே முட்டிக்கொண்டாலும், 16 அம்பியர் உடைப்பானை உடனே இயக்கும் ஆற்றல் அச்சிறு பொறிக்கு இல்லை.

இவை யாவற்றிலும் மக்களை மிகவும் ஏமாற்றுவது ட்ரிப் சுவிச்சிலுள்ள சோதனைப் பொத்தான். மின்பிறப்பாக்கியை இயக்கிப் பொத்தானை அழுத்துவோர், சுவிச் உடனே விழக்கண்டு மனநிறைவு கொள்கின்றனர். அப்பொத்தானோ கருவியினுள்ளே ஒரு தடையூடாகச் சிறு மின்னோட்டத்தைப் பக்கவழியில் திருப்பிவிட்டுக் கணக்கைப் பிழைக்கச் செய்கிறது. அச்செயலுக்கு மண்ணும் வேண்டியதில்லை, புவிக்கம்பியும் வேண்டியதில்லை. கருவியின் பொறிமுறை நல்ல நிலையில் உள்ளதென்பதை மட்டுமே அது காட்டும். வெளியே மீள்வழி உண்டா என்பதை அது சோதிப்பதில்லை.

இக்குறைக்குப் பரிகாரம் எளியது. மின்பிறப்பாக்கியின் ஒரு முனையை அதன் சட்டத்தோடும் புவிக்கம்பியோடும் பிணைத்துவிட்டால் அம்முனை நொதுமல் ஆகிவிடும். நீர் சூடாக்கியிற் பழுது நேர்ந்த கணமே மின்னோட்டம் புவிக்கம்பி வழியே பொறிக்கு மீளும். போனதற்கும் வந்ததற்கும் கணக்கு ஒவ்வாது. ட்ரிப் சுவிச் இயங்கும். முதற்பழுது ஒளிந்துகொள்ள இயலாது. அமெரிக்காவிலே வண்டிகளிற் பொருத்தும் காவற்கருவிகள் சில, மிதக்கும் மின்பிறப்பாக்கியைக் கண்டவுடன் புவித்தொடுப்பு இல்லையென்று மின்சாரத்தை ஏற்க மறுத்துவிடுகின்றன. ஆகவே அந்நாட்டார், நொதுமற்காலையும் புவிக்காலையும் உள்ளே இணைத்த ஒரு செருகியை மின்பிறப்பாக்கியின் வெற்றுக் குதையிற் செருகும் வழக்கத்தைக் கைக்கொண்டனர்.

எளியதாயினும் இப்பரிகாரம் ஓர்மம் வேண்டுவது. பிணைப்பு மின்பிறப்பாக்கியில் ஓரிடத்தில் மட்டுமே இருத்தல் வேண்டும். அதனைக் கரவனுக்குள்ளே செய்துவைத்து, பின்னர் தங்குமிடத்தின் பொது மின்சாரத்தில் அவ்வண்டியை இணைத்தால், வழக்கமான மின்னோட்டமே புவிக்கம்பியிற் பாயத் தொடங்கும். பிற்காலத்து நவீன மின்பிறப்பாக்கிகள் சிலவற்றில் இலத்திரனியற் சுற்றுக்கள் மின்சாரத்தை ஆக்குவதால், எல்லாப் பொறிகளையும் ஒரே வகையிற் பிணைத்தல் ஆகாது. செய்தோரின் கைந்நூலும் தேர்ந்த மின்பொருத்துநருமே அதனைத் தீர்மானிக்க வல்லார். பொறியருகே மண்ணில் ஓர் இரும்புக்கோலை அறைந்து கம்பியாற் கட்டிவிட்டாற் போதுமென்று நம்புவோரும் உளர். பிணைப்பின்றி அறைந்த கோல் வெறுங்கோலே. சுருளின் முனையோடு தொடர்பற்ற மண் எத்துணை ஈரமாயினும் மீள்வழி ஆகாது.

பூமி வண்டியோடு வருவதில்லை என்பதற்குப் பிரித்தானியச் சட்டத்திலும் ஒரு சான்று உண்டு. அந்நாட்டின் பெரும்பாலான தெருக்களில் நொதுமலாகவும் புவித்தொடுப்பாகவும் ஒரே கம்பி பயன்படுகிறது. அக்கம்பி தெருவில் எங்கேனும் அறுந்துபோனால், வீட்டிலே மண்ணோடு பிணைந்ததாக எண்ணப்படும் உலோகங்கள் யாவும் ஏறக்குறைய முழு அழுத்தத்துக்கு உயர்ந்துவிடும். செங்கல் வீட்டினுள் இருப்பவனுக்கு நீர்க்குழாயும் அடுப்பும் ஒன்றாகவே உயர்வதால், கம்பியில் அமர்ந்த காகத்தைப் போன்று அவன் பெரும்பாலும் தப்பிவிடுகிறான். கரவனில் இருப்பவனோ வெறுங்காலோடு ஈரப் புல்லில் நின்று உலோகக் கதவைப் பிடிக்கிறான். காலடி பூமியில், கையோ 230 வோல்ற்றில். புவிக்கம்பி வழியே வரும் இவ்வாபத்தை ட்ரிப் சுவிச்சும் தடுக்கமாட்டாது. அது புவிக்கம்பியைத் துண்டிப்பதில்லை. ஆகவே 2002ஆம் ஆண்டின் மின்சாரப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள், கரவனிலோ படகிலோ உள்ள உலோகப் பகுதிகளோடு நொதுமற்கம்பியை இணைத்துத்தர வழங்குநர் முன்வரலாகாதென்று வெளிப்படையாகவே விலக்கின. கரவன் தங்குமிடங்கள் இதற்கெனத் தம் நிலத்திலேயே தனிப் புவித்தொடுப்பை அமைத்துக்கொள்கின்றன.

மின்சாரத்தின் ஆபத்தை விரித்துக் கூறியபின் ஒன்றை நேர்மையாகச் சொல்லுதல் வேண்டும். கையடக்க மின்பிறப்பாக்கியின் வரலாற்றிற் பேரழிவு செய்தது மின்சாரமன்று, அதன் புகையே. பெற்றோல் எரியும்பொழுது பிறக்கும் காபனோரொட்சைட்டு நிறமற்றது, மணமற்றது. குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதினும் இருநூறு மடங்குக்கு மேலான வலியோடு இவ்வாயுவைப் பற்றிக்கொள்கிறது. இதன் இயல்பை ஆராய்ந்த ஜே. எஸ். ஹோல்டேன் என்னும் ஸ்கொத்துலாந்து அறிஞர், 1895இல் வெளியிட்ட ஆய்வுக்காக இதனைத் தாமே சுவாசித்து, தம் குருதியைச் சோதித்து, தளர்ச்சியும் மயக்கமும் படிப்படியே வருவதைக் குறித்துவைத்தார். சுரங்கத்துக்குட் சிறு பறவையைக் கொண்டுசென்று வாயுவை அறியும் வழக்கம் அவர் ஆலோசனையாற் பரவியது. பிரித்தானியச் சுரங்கங்களில் அது 1980களின் நடுப்பகுதி வரை நீடித்தது. அவர் குறித்த இயல்புகளுள் மிகக் கொடியது, நஞ்சேறியவன் தன் நிலையைத் தான் உணராமை. எழுந்து வெளியே செல்லவேண்டும் என்ற எண்ணம் தோன்றுமுன் கால்கள் தளர்ந்துவிடும். உறங்குபவனுக்கோ எச்சரிக்கையே இல்லை.

கரவனின் அமைப்பில் இங்கே விபரீதமான பொருத்தமொன்று காணப்படுகிறது. சமையலுக்குரிய எரிவாயு காற்றினும் பாரமானது. கசிந்தாற் கீழே தங்கும். அது வெளியேறும்பொருட்டு வண்டியின் தரையிலே துவாரங்கள் அமைக்கப்பட்டுள்ளன. அவற்றை அடைத்தல் கூடாது. மின்பிறப்பாக்கியின் இரைச்சலுக்கு அஞ்சியோ, மழைக்கு அஞ்சியோ அதனை வண்டியின் கீழே அல்லது அருகே வைத்தால், ஓர் ஆபத்தை வெளியேற்ற அமைத்த அதே துவாரங்கள் மற்றொன்றை உள்ளே அழைக்கின்றன. வெளிக்கூடாரத்தினுட் பொறியை வைப்பதும் இதனைப் போன்றதே.

அமெரிக்க நுகர்வோர் பொருட் பாதுகாப்பு ஆணைக்குழுவின் மதிப்பீட்டின்படி, கையடக்க மின்பிறப்பாக்கிகள் வெளிவிடும் இவ்வாயுவினால் அந்நாட்டில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 85 பேர் இறந்தனர். ஒரு சிறு பொறி நூற்றுக்கணக்கான கார்களின் அளவுக்கு இவ்வாயுவைக் கக்கக்கூடும் என்றும் அவ்வாணைக்குழு எச்சரித்தது. குடியிருப்பிலிருந்து 20 அடிக்குக் குறையாத தொலைவில், புகைவாயை அப்புறம் நோக்கித் திருப்பி வைக்குமாறு அறிவுறுத்திற்று. வீட்டினுள் இயக்கினாற் சில நிமிடங்களிற் கொல்லும் என்ற எச்சரிக்கைச் சீட்டை ஒவ்வொரு புதுப் பொறியிலும் ஒட்டவேண்டுமென 2007இல் ஆணையும் பிறப்பித்தது. சீட்டை ஒட்டியபின்னும் சாவுகள் ஓயவில்லை. மின்வெட்டுற்ற இரவிலும், மழை பெய்யும் முகாமிலும் அதனை நின்று படிப்பவர் சிலரே. 2018இல் வெளியான இரு அமெரிக்கத் தரநியமங்கள் பொறியையே காவலாக்க முற்பட்டன. சூழ்ந்த காற்றிற் காபனோரொட்சைட்டு மிகுந்தாற் பொறியிலுள்ள உணரி அதனை அறிந்து, இயந்திரத்தைத் தானே நிறுத்திவிடும். அவ்வுணரி பொருத்திய மின்பிறப்பாக்கிகள் இன்று கடைகளிற் கிடைக்கின்றன. அதற்கு முன்னே செய்யப்பட்டவற்றில் அது இல்லை. அவை கைமாறிக் கைமாறி இன்னும் பயன்பட்டு வருகின்றன. அத்தகைய பொறியை வைத்திருக்கும் கரவனில் படுக்கையருகே தொங்கவிடும் தனி எச்சரிக்கை மணியே எஞ்சிய ஒரே காவல்.